கை தூக்காதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரிகள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் என் பெயரையும் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும் ஊரில் பேப்பரில் பெயர் வந்தால் அது இன்னொரு சண்டைக்கு விறகாகிவிடும். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள், நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். 2025 ஆகஸ்ட் 15 அன்று நடந்த கிராம சபையில் அந்தப் பள்ளியைச் சீரமைக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மூன்று வாரமாக எங்கள் ஊர் இரண்டாகக் கிடக்கிறது.

முதலில் பள்ளியின் நிலையைச் சொல்கிறேன். இரண்டு அறை கான்கிரீட் கட்டடம், பக்கத்தில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம், சுற்றுச்சுவர் பாதிதான் உண்டு. நான் 1994இல் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த அதே அறையில்தான் என் மகளும் சேர்ந்தாள். இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. திங்கள் காலை கதவைத் திறந்த டீச்சர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில், ஒரு முறம் அகலத்துக்குக் காரைப் பாளம் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி துருப்பிடித்து உப்பிப் போயிருந்தது, நீளக் கம்பால் லேசாகத் தட்டினோம், செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே விரித்திருந்த பாயில் ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன சிலேட்டு இரண்டாக உடைந்து கிடந்தது. அந்தச் சிலேட்டை டீச்சர் தூக்கிப் போடவில்லை, இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அன்றோடு அந்த அறையைப் பூட்டிவிட்டோம். இப்போது ஐந்து வகுப்பும் ஒரே அறையிலும் திண்ணையிலும்தான் நடக்கின்றன, மழை வந்தால் திண்ணைப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வந்து முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

திருநெல்வேலியில் 2021 டிசம்பர் 17 அன்று பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். எங்கள் கிராம சபைக்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 25 அன்று, ராஜஸ்தான் ஜாலாவார் மாவட்டம் பிப்லோடியில் அரசுப் பள்ளிக் கூரை இடிந்து ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியை உங்கள் பேப்பரில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பாளமும் அந்தச் சிலேட்டும்தான் கண்ணுக்குள் நின்றன. அதனால் கிராம சபையில் நான் கொஞ்சம் ஆவேசமாகப் பேசினேன், அதை மறைக்கவில்லை.

பணத்துக்கு நாங்கள் அலையாத இடம் இல்லை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்து ஆண்டில் 7,000 கோடி ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்களே, அதில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தோம், வரிசையில் இருக்கிறது என்றார்கள். ஊராட்சிப் பணத்தில் செய்யலாமே என்று கேட்டோம். 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று கட்டி வைத்திருந்தார்கள், மீதியில் தெருவிளக்கும் மோட்டார் ரிப்பேரும் போனால் என்ன மிஞ்சும். கடைசியில் நமக்கு நாமே திட்டம் என்று ஒருவர் வழி சொன்னார். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். மதிப்பீடு 6 லட்சம் என்று வந்தது, நம் பங்கு 2 லட்சம். எங்கள் ஊரிலும் தெற்குத் தெருவிலும் சேர்த்துச் சுமார் நூறு தலைக்கட்டு, அதாவது குடும்பம். தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு முடித்தோம். கணக்கு சுலபமாக இருந்தது, அதுதான் தப்பாகப் போனது.

(தெற்குத் தெரு என்று நான் எழுதுவதை ஊரில் பலர் காலனி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாமும் வாயிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.)

கிராம சபையில் என்ன நடந்தது என்றால், எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலமெல்லாம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர் நிர்வாகம். முன்பென்றால் தலைவர் என்று ஒருவர் இருப்பார், நல்லவரோ கெட்டவரோ, கூட்டத்துக்கு முன்னாலேயே இரண்டு தரப்பு வீட்டுக்கும் போய்ப் பேசி ஒரு சுமுகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தீர்மானத்தை வாசிப்பார். இந்தத் தடவை அப்படிப் பேச ஆள் இல்லை. வந்திருந்த அலுவலர் நேரமாகிறது என்றார். தெற்குத் தெருவிலிருந்து ஒரு அக்கா எழுந்து, “எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், “பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு” என்றது. அப்புறம் ஒரே கூச்சல். சரி, கை தூக்குங்கள் என்றார் அலுவலர். ஆதரவு 71, எதிர்ப்பு 46. கைத்தட்டினோம், நானும் தட்டினேன்.

அந்தக் கூச்சலோடு முடிந்திருந்தால்கூட ஊர் ஆறியிருக்கும். ஒரு பையன் போனில் வீடியோ எடுத்திருந்தான். எதிர்ப்புக்குக் கை தூக்கியபோது எடுத்தது மட்டும், முகம் முகமாகக் காட்டி, “நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று சொன்னவர்கள்” என்று எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். இரவுக்குள் சிங்கப்பூர், துபாய் வரை போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி 10,000 ரூபாய் அனுப்புகிறேன் என்று சொன்னார், நல்ல மனசுதான், ஆனால் அதே குரல் பதிவில் அந்த 46 பேரையும் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்த வீடியோவை நானும் என் தங்கைக்கு அனுப்பினேன். யாருக்கு அனுப்பினோம் என்று இப்போது யோசித்து என்ன பயன், அதில் என் வீட்டுக்காரரின் சித்தி முகமும் இருந்தது. சின்னத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன். என் மகள் பிறந்தபோது நாற்பது நாள் என் கூடவே இருந்து வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியவர் அவர்.

அதற்குப் பிறகு நடப்பவற்றைச் சொல்கிறேன். நூறு நாள் வேலைக்குக் கண்மாயில் இறங்கினால் இந்தப் பக்கத்தார் ஒரு கரை, அந்தப் பக்கத்தார் ஒரு கரை. மகளிர் குழுவில் மாதக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை, கடன் தவணை கட்டுவதையே பேரன் பேத்தி கையில் கொடுத்தனுப்புகிறார்கள். டீக்கடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்த அண்ணன் தம்பி இருவரும் இப்போது வேறு வேறு நேரத்துக்கு வருகிறார்கள். பள்ளியில் காலை உணவு சமைப்பவர் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மாவைப் பார்த்து, அவர் வீட்டில் எதிர்ப்புக்குக் கை தூக்கினார்கள் என்பதற்காக, “பள்ளிக்கூடம் வேண்டாம் என்றவள் கையால் என் பிள்ளை சாப்பிட வேண்டாம்” என்று ஒரு தாய் வாசலில் நின்று சொல்லிவிட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கிச்சடிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பரிமாறினார். நான் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தேன், ஒரு வார்த்தை தட்டிக் கேட்கவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து அந்தப் பிள்ளைகளுக்கு உலை வைக்கிறவர் பள்ளிக்கூடத்துக்கு எப்படி எதிரியாக முடியும்? இதைக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது.

அதன் பிறகுதான் எதிர்த்துக் கை தூக்கியவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தேன். இதுவரை ஐந்து வீடு போயிருக்கிறேன். இரண்டு வீட்டில் கதவைத் திறந்தும் உட்காரச் சொல்லவில்லை. மூன்று வீட்டில் பேசினார்கள். ஒருவர்கூடப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூட்டத்தில் எழுந்து கேட்ட தெற்குத் தெரு அக்கா சொன்னது இது: “கோயில் வரிக்கு எங்களைத் தலைக்கட்டில் சேர்க்க மாட்டீங்க, சேர்த்தா எங்களுக்கும் மரியாதை கொடுக்கணும்ல. இதுக்கு மட்டும் நாங்க தலைக்கட்டு ஆயிட்டமா? எங்க பிள்ளைங்கதான் அங்க அதிகமாப் படிக்குது, நாங்க கொடுக்க மாட்டோம்னு சொல்லலை. எவ்வளவுன்னு எங்களையும் உக்காரவச்சு முடிவு பண்ணியிருக்கணும்.” இதற்கு நான் என்ன பதில் சொல்வது. 2025இல் நூறு நாள் வேலைக்குக் கூலி 336 ரூபாய், அதுவும் வேலையை அளந்து போடுகையில் குறைத்துத்தான் வந்தது, அந்தக் கூலியும் மாதக்கணக்கில் வராமல் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். 2,000 ரூபாய் என்பது அவருக்கு ஆறு நாள் உடம்பு உழைப்பு. பத்து ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்கு அது ஒரு மதியம் பறித்த தேங்காய். இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்று எழுதியபோது அது நியாயமாகத்தான் பட்டது எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன்.

சின்னத்தை சொன்னது வேறு. முன்பு ஒரு தடவை ஊர்ப் பொதுவில் வசூல் செய்த பணத்துக்குக் கணக்கு யாரும் காட்டவில்லை, கேட்டவரை எகிறிப் பேசினார்கள், அப்போது கேட்டது சின்னத்தையின் வீட்டுக்காரர். அவர் இப்போது இல்லை. “அவர் கேட்டதுக்கு இன்னைவரைக்கும் பதில் வரலை, நான் எப்படிடி கை தூக்குவேன்” என்றார். இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாமே என்றேன். “சொல்ல விட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர், முன்பு அரசு வேலையில் இருந்தவர், சட்டமே பேசினார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக் கட்டடம் உள்பட எல்லா வசதியும் செய்துகொடுக்க வேண்டியது அரசின் கடமை, ஒன்றியப் பள்ளிக் கூரையை நாம் காசு போட்டு மாற்றினால் அடுத்து சாக்பீஸுக்கும் வசூல் வரும், பணக்கார ஊருக்கு ஒரு பள்ளி ஏழை ஊருக்கு ஒரு பள்ளி என்று ஆகிவிடும் என்றார். அவர் சொல்வது சரிதான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசு வரும்வரை அந்தக் கம்பி காத்திருக்காதே ஐயா என்றேன். அதற்கு அவரிடமும் பதில் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம், காபி கொடுத்தார். கிராம சபையில் அவருக்குக் கிடைத்தது “உங்க பேரன் வேன்ல போறான், நீங்க இப்படித்தான் பேசுவீங்க” என்ற ஒரு வரிதான்.

வேன் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கு இரண்டு தனியார் பள்ளி வேன் வருகிறது. அரசுப் பள்ளியில் இப்போது இருப்பது 26 பிள்ளைகள். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வேனில் அனுப்புவதற்கு இங்கிலீஷ் மீடியம் காரணம் என்பார்கள், கூரை காரணம் என்பார்கள். தெற்குத் தெருப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார வைக்க மனசில்லாததும் ஒரு காரணம் என்பது ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் எழுதிவிடுகிறேன். வேனில் அனுப்புகிறவர்களில் சிலர் ஆதரவுக்குக் கை தூக்கினார்கள், சிலர் எதிர்ப்புக்குத் தூக்கினார்கள், இதைக் கொண்டு யார் நல்லவர் என்று பிரிக்க முடியாது. ஆனால் நாளைக்குப் பள்ளியில் பிள்ளைகள் இல்லை என்று ஆனால், புதுக் கூரையும் சும்மாதான் நிற்கும். ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிகளைப் பற்றி உங்கள் பேப்பரிலேயே படித்தோமே.

இப்போது ஊரில் சிலர் பேசுவதுதான் எனக்குப் பெரிய பயம். 2,000 ரூபாய் கொடுக்காத வீட்டுக்குத் திருவிழாவில் தேங்காய் உடைக்க மாட்டோம், நல்லது கெட்டதுக்குப் போக மாட்டோம் என்கிறார்கள். இதற்குப் பெயர் ஊர்விலக்கு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் கொடுப்பது பங்களிப்பு. அது வரி கிடையாது, யாரையும் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. கிராம சபைத் தீர்மானத்தில் “மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு திரட்டித் தரப்படும்” என்றுதான் இருக்கிறது, நான் நோட்டை வாங்கிப் படித்துவிட்டேன். தலைக்கட்டுக்கு 2,000 என்பது முன்பு போட்ட கணக்குதான், அதை முடிவாக்கியது அன்று மாலை கோயில் மண்டபத்தில் கூடிய எங்கள் ஆட்கள். அந்த மண்டபத்தில் பெண்கள் இல்லை, தெற்குத் தெருக்காரர் ஒருவரும் இல்லை. மேலாண்மைக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, இருக்கிறோம், ஆனால் காசு எப்படித் திரட்டுவது என்ற பேச்சு வந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு, வேப்ப மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கும். அது எப்படி வந்தது என்று அந்தப் பெரியவர்தான் சொன்னார். காமராஜர் முதல்வராக இருந்தபோது, நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். கடம்பத்தூரில் தொடங்கி மாநிலம் முழுக்க நடந்தது. ஊர் மக்கள் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர் உண்டு, பெஞ்சு, கடிகாரம், சிலேட்டு, சீருடைத் துணி கொடுத்தவர் உண்டு. எங்கள் ஊரில் பள்ளிக்கு இடம் கொடுத்தது ஒரு குடும்பம், ரயில்வேயில் கூலி வேலை பார்த்த ஒருவர் அந்தத் தண்டவாளத் துண்டைச் சுமந்துகொண்டு வந்து கொடுத்தாராம். அவர் தெற்குத் தெருக்காரர். இடம் கொடுத்தவர் பேர் கட்டடத்தில் கல்லில் இருக்கிறது. மணி கொடுத்தவர் பேர் எங்கும் இல்லை, ஆனால் அறுபது வருடத்துக்கு மேலாக அந்த மணி அடித்துத்தான் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போனோம். அன்று யாரும் தலைக்கு இவ்வளவு என்று எண்ணவில்லை. முடிந்தவர் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

இப்போதும் அப்படிச் செய்யலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. எங்கள் ஊரில் கொத்தனார் ஒன்பது பேர் இருக்கிறார்கள், அதில் ஆறு பேர் தெற்குத் தெரு. தோப்புக்காரர் 10,000 கொடுக்கட்டும், கூலி வேலை செய்கிற வீடு 200 கொடுத்தாலும் அதுவும் முழுப் பங்குதான், கொடுக்க முடியாத வீட்டை யாரும் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டுத் தம்பிகள் காசு அனுப்பட்டும், கூடவே வசவு அனுப்ப வேண்டாம். வசூல் ஆகிற ஒவ்வொரு ரூபாயையும் பள்ளித் திண்ணையில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்போம், வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம், வாரா வாரம். எழுதுகிற வேலையை ஆதரவாகக் கை தூக்கிய எங்களில் ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. சின்னத்தையிடம் கேட்டேன், நீங்கள் எழுதுகிறீர்களா என்று. எட்டாவது வரை படித்தவர், அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகும்போது, “கூரையில எந்தப் பக்கம் விழுந்துச்சு?” என்று கேட்டார்.

அந்த வீடியோவைப் போட்ட பையனிடமும் பேசினேன். அழித்துவிட்டான், ஆனால் பார்த்தவர்கள் கண்ணிலிருந்து அழிக்க முடியாது. கோபக்காரன் என்றாலும் நல்ல பையன்தான், இந்தப் பள்ளியில் படித்தவன்தான். அந்த 46 பேர் வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன், கூட நானும் வருகிறேன் என்றேன், ஏனென்றால் நானும் அதை அனுப்பியவள். காலை உணவு சமைக்கும் அம்மாவிடம் முதலில் போவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி ஊரே காசு போடுகிற விஷயத்தைக் கிராம சபையில் கொண்டுவருவதற்கு முன்னால், தெருத் தெருவாக ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். தலைவர் இல்லாத ஊரில் அந்தப் பொறுப்பு தனி அலுவலருடையதுதான். எங்கள் கேள்வியைக் கேட்டு முடிக்க நேரம் கொடுங்கள், பத்து நிமிடம் கூடுதலாக ஆனால் என்ன. கையை எண்ணுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. எதிர்ப்புச் சொன்னவர் என்ன காரணத்துக்காகச் சொன்னார் என்பதையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள், எண்ணிக்கையை மட்டும் எழுதாதீர்கள். அப்புறம் அந்தப் பூட்டிய அறையை ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் யாரும் வரவில்லை, மழைக்காலம் நெருங்கிவிட்டது.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்று வர வேண்டும். அதில் தலைக்கட்டுக்கு ஒரே தொகை என்பதை எடுத்துவிட வேண்டும், கொடுக்காத வீட்டை ஊர் ஒதுக்காது என்று நோட்டில் எழுத வேண்டும் என்று நான் எழுந்து கேட்கப் போகிறேன். தெற்குத் தெரு அக்காவும் கூட எழுந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட்டில் என்னோடு சேர்ந்து கைத்தட்டிய எழுபது பேருக்கும் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் உங்களுக்கு எழுதினேன். எங்கள் டீக்கடையில் உங்கள் பேப்பர்தான் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.